ராயபுரம் ரயில் நிலையம்: ஒரு சுவரும் சில பலகைகளும்

ராயபுரம் ரயில் நிலையத்தில் அச்சிட்ட படப் பலகைகளை வைத்து அந்த இடத்தைக் களையாக்க வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். மனு எழுதித் தரும்படி என்னிடம் வந்தார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு மனு எழுத வரும் என்பது வடசென்னையில் இன்னும் அழியாமல் இருக்கும் நம்பிக்கைகளில் ஒன்று. எழுதிக் கொடுத்துவிட்டேன். மனுவுக்குள் அடங்காமல் வெளியே நின்ற விஷயங்களை இங்கே பேசிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

'அழகுபடுத்துதல்' என்ற சொல்லாடல் ஒரு விஷயத்தை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறது. சுவர் வெறுமையாக இருக்கிறது, அதில் எதையாவது வைத்தால் நன்றாக இருக்கும் என்பதே அந்த முடிவு. ஆனால் தமிழ்நாட்டில் ரயில் நிலையச் சுவர் எப்போதாவது வெறுமையாக இருந்திருக்கிறதா? யார் எழுதியது, யார் அழித்தது, எதன்மேல் எதை ஒட்டினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் நம்முடைய அரசியல் வரலாற்றில் பாதியை நடைமேடையில் நின்றபடியே வாசித்துவிடலாம்.

முதலில் கட்டடம். 1856 ஜூன் 28இல் ஆளுநர் ஹாரிஸ் பிரபு இதைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம், வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அது. பம்பாயில் 1853இல் வண்டி விட்ட போரி பந்தர் நிலையம் போய் அங்கே விக்டோரியா டெர்மினஸ் எழுந்தது. 1854இல் வண்டி விட்ட ஹௌராவிலும் பழைய நிலையம் இல்லை, இருபதாம் நூற்றாண்டுக் கட்டடம்தான் நிற்கிறது. ஆகவே துணைக்கண்டத்தில் மிஞ்சியிருக்கும் நிலையக் கட்டடங்களில் ராயபுரமே மூத்தது என்று சொல்கிறார்கள். ஐரோப்பியச் செவ்வியல் பாணித் தூண்கள், உயரமான கூடம், ஆளுநர் வந்து இறங்குவதற்குத் தோதான முகப்பு. 1873இல் சென்ட்ரல் வந்தது. 1907இல் கடற்கரைப் பாதை நீண்டபோது ராயபுரம் முனையம் என்ற தகுதியை இழந்தது. மதராஸ் - தென் மராட்டா ரயில்வேயின் தலைமையகமாக 1922 வரை இருந்து, பிறகு அதையும் இழந்தது. அதற்குப் பின் எண்பது வருடங்களுக்கும் மேலாக அதற்கு நேர்ந்ததை ஒரே வார்த்தையில் சொல்லலாம்: புறக்கணிப்பு. 2005இல் புதுப்பித்தார்கள். தூண்களுக்கு வெள்ளையும் சுவருக்குச் செம்மையுமாகப் பூசினார்கள். அது நல்ல காரியம்தான். பூசிய பிறகும் புறநகர் வண்டிகள்தான் நின்றன என்பது வேறு விஷயம்.

நண்பர்களின் யோசனையில் முதல் பலகைக்கான படம் தயாராக இருக்கிறது. நிலையம் திறக்கப்பட்டதைப் பற்றி 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகை 1856இல் வெளியிட்ட சித்திரம். கொடி, தொப்பி, குடை, குதிரைவண்டி, சிம்ப்ஸன் கம்பெனி செய்துகொடுத்த பெட்டிகள் என்று அந்தத் திறப்பு விழாவைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. 'தென்னிந்தியாவின் முதல்' என்று தடித்த எழுத்தில் மேலே போட்டுவிட்டால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? ஆனால் இந்த 'முதல்' என்ற சொல்லைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். ரயில்வே கம்பெனியில் முதல் போட்ட லண்டன் பங்குதாரர்களுக்கு, வண்டி லாபத்தில் ஓடினாலும் நஷ்டத்தில் ஓடினாலும், நூற்றுக்கு 5 வீதம் வட்டி தருவதாக அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. அந்தப் பணம் இங்கிருந்த நிலவரியிலிருந்தும் உப்புவரியிலிருந்தும் போனது. ஆக, தொடக்க நாளில் வண்டியில் ஏறாத ஒவ்வொரு குடியானவனும் டிக்கெட் வாங்கியவன்தான்.

இன்னொன்று. 1856இல் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைக்கு அப்பால் நடுக்கடலில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தாம் சரக்கையும் ஆட்களையும் அலை தாண்டிக் கரை சேர்த்தன. கடலுக்குள் நீளும் இரும்புத் தூண் மேடை 1861இல்தான் வந்தது. அப்படியானால் இங்கிலாந்திலிருந்து வந்த தண்டவாளம், சக்கரம், இன்ஜினின் பாகங்கள் எல்லாம் யார் கைகளில் ஏறி இறங்கின? இந்தக் கரையின் படகோட்டிகளும் மீனவர்களும் தொடாமல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஒரு அங்குலம்கூட நகர்ந்திருக்க முடியாது. ராயபுரம் என்ற பெயரே அவர்கள் வணங்கிய ராயப்பரிடமிருந்து, அதாவது பேதுருவிடமிருந்து, வந்தது என்பார்கள். அந்த அப்போஸ்தலரும் மீன்பிடித்தவர்தான். லண்டன் பத்திரிகையின் சித்திரக்காரன் கரைக்கு முதுகைக் காட்டி நின்றே வரைந்திருக்க வேண்டும்.

இருபது வருடம் தள்ளி வருவோம். 1876-78இன் தாது வருஷப் பஞ்சம். சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோலக் குவிந்து கிடந்ததை லண்டனின் படப்பத்திரிகைகள் அப்போதும் வரைந்தன. மூட்டைக்குக் காவல் உண்டு, மூட்டையைப் பார்த்துக்கொண்டு கிடந்த உடம்புகளுக்கு எதுவும் இல்லை. ரயில் வந்தால் பஞ்சம் போகும் என்று சொல்லப்பட்டிருந்தது. விலை எங்கே அதிகமோ அங்கே தானியத்தை இழுத்துக்கொண்டு போக ரயில் உதவியது. உள்நாட்டுச் சந்தைகள் காலியாயின, தண்டவாளம் இருந்த ஊர்களிலும் சனம் செத்தது. பஞ்சகாலத்தில் தானியம் ஏற்றி இறக்கிய ரயில்வேக்களில் மதராஸ் ரயில்வேயும் ஒன்று. 1856 படமும் 1877 படமும் ஒரே பத்திரிகை மரபின் இரண்டு பக்கங்கள். ஒன்று பலகையாகும் தகுதி பெறுகிறது. மற்றொன்று ஆவணக்காப்பகத்தில் கிடக்கிறது. 'பாரம்பரியம்' என்ற சொல் இந்தத் தேர்வைச் சத்தமில்லாமல் செய்துமுடிக்கிறது.

1853 ஆகஸ்டில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் மார்க்ஸ் எழுதிய கட்டுரையை நம் தோழர்கள் நன்றாகவே அறிவார்கள். ரயில்வேயிலிருந்து பிறக்கும் நவீனத் தொழில், சாதிக்கு அடிப்படையாக இருக்கும் பரம்பரைத் தொழிற்பிரிவினையைக் கரைத்துவிடும் என்பது அதன் எதிர்பார்ப்பு. ராயபுரம் திறப்பதற்கு மூன்று வருடம் முன்பு. எதிர்பார்ப்பு தவறு என்று சுட்டிக்காட்டுவது சுலபம், எல்லோரும் செய்துவிட்டார்கள். எனக்கு ஆர்வம் தருவது அது தவறிப்போன விதம். சாதி ரயிலை விட்டு ஓடவில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குள் வந்து, தனக்கென்று ஒரு பலகையை மாட்டிக்கொண்டது. சாப்பாட்டு அறை வாசலில் 'பிராமணர்கள்' என்று ஒன்று, 'பிராமணரல்லாதவர்கள்' என்று இன்னொன்று. நவீனத்தின் ஆகப்பெரிய சின்னத்துக்குள் வர்ணத்தை அச்செழுத்தில் தொங்கவிட்டார்கள். ராயபுரத்தைத் தலைமையகமாகக் கொண்டிருந்த அதே மதராஸ் - தென் மராட்டா ரயில்வேயும் இதற்கு விலக்கில்லை.

அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையில், தெருவில் போலீஸ்காரன் 'ஏய், நீதான்' என்று கூப்பிட, திரும்பிப் பார்ப்பவன் அந்தத் திரும்பலிலேயே அரசின் குடியாக ஆகிவிடுகிறான் என்கிறார். நம்மூர் நிலையத்தில் போலீஸ்காரன் தேவைப்படவில்லை. பலகையே கூப்பிட்டது. பசியோடு இறங்கியவன் இரண்டு பலகைகளில் ஒன்றின் பக்கம் திரும்பியாக வேண்டும். திரும்பிய கணத்தில் அவன் யார் என்பது முடிந்துபோகும். இந்த இரண்டு பலகைகளில் எதன் பக்கமும் திரும்ப முடியாமல் நின்றவர்களின் கணக்கு பிராமணர் - அல்லாதார் என்ற எதிர்மைக்குள் வருவதேயில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். திராவிட இயக்கத்தின் பெருமிதக் கதையாடல் இங்கே கொஞ்சம் தடுமாறும். தடுமாறட்டும். ஆனால் அந்தப் பலகைகளை இறக்கியது அந்த இயக்கத்தின் விடாத கிளர்ச்சிதான். 1941இல் ரயில் நிலைய உணவு விடுதிகளில் இந்தப் பிரிவினை கைவிடப்பட்டது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கப் பெரியார் நடத்திய மறியலுக்கு ரயில் நிலையம்தான் முன்னோட்டம் எனலாம்.

அதற்குப் பிறகு தார்ச்சட்டி வந்தது. 1952 ஆகஸ்ட் 1இல் ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் உள்ள இந்தி எழுத்துக்களை அழிக்கும்படி பெரியார் அழைப்பு விடுத்தார். அடுத்த வருடம் ஜூலை 15இல், தி.மு.க.வின் மும்முனைப் போராட்டத்தில், டால்மியாபுரம் என்று எழுதியிருந்த நிலையப் பலகையின்மேல் கருணாநிதியும் தோழர்களும் 'கல்லக்குடி' என்று அச்சிட்ட தாளை ஒட்டினார்கள். பிறகுதான் தண்டவாளத்தில் படுத்தது எல்லாம். நாம் தண்டவாளத்தையே பேசிப் பேசித் தாளை மறந்துவிட்டோம். ஒரு வடநாட்டு முதலாளியின் பெயரைச் சுமந்த பலகையை உடைக்கவில்லை, கொளுத்தவில்லை. அதன்மேல் அச்சிட்ட தாள் ஒன்றை வைத்து மூடினார்கள். பொதுப் போக்குவரத்துக் கட்டடத்தில் அச்சுத் தாளை வைத்து அதன் அர்த்தத்தை மாற்றுவது என்று இன்று அழகுபடுத்துபவர்கள் செய்வதன் முன்மாதிரி, ஒரு வகையில், இதுதான். வித்தியாசம் என்னவென்றால் அந்தத் தாளுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. இந்தத் தாளுக்கு ரிப்பன் வெட்டுகிறார்கள்.

அந்தச் சண்டை முடியவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 2022 நவம்பரில் திருப்பூர் நிலையத்தின் தகவல் மையத்துக்குமேல் 'சஹயோக்' என்று தமிழ் எழுத்தில் ஓர் இந்திச் சொல்லை வைத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி நிலையத்தில் மறுபடி கறுப்பு மை.

இதே இயக்கம் அதிகாரத்துக்கு வந்ததும் பலகையை என்ன செய்தது? 1967க்குப் பின், அண்ணா அமைச்சரவையில் போக்குவரத்தையும் கவனித்த கருணாநிதியின் முயற்சியில், அரசுப் பேருந்துகளுக்குள் திருக்குறள் எழுதிய பலகைகள் ஏறின. இந்தியாவில் போக்குவரத்தை 'எழுத்தால்' அழகுபடுத்திய முயற்சிகளில் இதைவிட நீண்ட ஆயுள் கொண்டது வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம். லண்டன் பாதாள ரயிலில் 1986இல் விளம்பர இடங்களில் கவிதை அச்சிட்டு ஒட்டத் தொடங்கியதை உலகம் கொண்டாடியது. நம்மூர்க் கண்டக்டருக்கு அப்போதே அது இருபது வருடப் பழசு. எனக்கும் குறள் முதலில் பள்ளியில் வரவில்லை, வண்ணாரப்பேட்டைக்குப் போகிற பஸ்ஸில்தான் வந்தது. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, டிரைவர் தலைக்குப் பின்னால் இரண்டு வரியை எழுத்துக் கூட்டியவர்கள் என்னைப்போல லட்சக்கணக்கில் இருப்பார்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது பாருங்கள். தாள் ஒட்டிய கை இப்போது பலகை மாட்டுகிறது. கேள்வி கேட்ட எழுத்து, அறிவுரை சொல்லும் எழுத்தாகிறது. அரசு ஆசிரியராகிறது, பயணி மாணவனாகிறான். அழிக்க முடியாத, ஏனென்றால் அழிக்க மனசு வராத, ஒரு பிரதியை வைத்துப் பேருந்தின் உட்சுவரைச் சண்டைக்கு வெளியே கொண்டுபோனது, என்னைக் கேட்டால், சாமர்த்தியமான காரியம்.

சண்டைக்கு வெளியே கொண்டுபோவது என்பதுதான் பிற்காலத்து அழகுபடுத்தலின் சாரமும். சுவரில் ஒட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் 1959இலிருந்தே நம்மிடம் இருக்கிறது. 2009-10இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலையில் தொடங்கி, போஸ்டர்களும் கட்சி எழுத்துக்களும் இருந்த சுவர்களில் கோயில், நடனம், ஏறுதழுவுதல், இயற்கைக் காட்சி என்று வரையவைத்தது. ஃபிளெக்ஸ் வந்து பிழைப்பை இழந்திருந்த பேனர் ஓவியர்கள் சிலருக்கு அதில் வேலை கிடைத்தது, அந்த மட்டில் நல்லது. 2017இல் பிகாரின் மதுபனி நிலையத்தை மிதிலை ஓவியர்கள் வரைந்து நிரப்பினார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை, அது 'சிரமதானம்'. 2018இல் ரயில்வே நடத்திய அழகிய நிலையப் போட்டியில் மதுபனிக்கும் நம் மதுரைக்கும் சேர்த்து இரண்டாம் பரிசு. வரைந்த பெண்களின் உழைப்பு தானம், பரிசு நிலையத்துக்கு. 2020இல் கண்ணகி நகர். நகரத்தின் குடிசைகளிலிருந்து பிய்த்துக் கொண்டுபோய்ப் போட்ட சனங்களின் குடியிருப்புச் சுவர்களில் ஒரு பெயின்ட் கம்பெனியின் துணையோடு பிரம்மாண்டமான முகங்கள். முகங்கள் அழகாகவே இருக்கின்றன. சொல்லாமல் இருக்க முடியாது. தண்ணீர்க் குழாய்க்கும் அந்த முகங்களுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

எல்லாவற்றையும் ஒரே தராசில் போடக்கூடாது. 2021இல் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் பெரிய வெளிச்சுவரில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக ஏ-கில் என்ற ஓவியர் வரைந்த முகங்கள் எனக்குப் பிடித்தவை. அவற்றில் சிலர் தொற்றோடு வாழ்பவர்கள், யார் என்று படம் சொல்லாது. பார்ப்பவன் தன் ஊகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாற வேண்டும். பலகை கூப்பிட்டு வகைப்படுத்திய அந்த ஏற்பாட்டை ஒரு ரயில் நிலையச் சுவரே திருப்பிப் போடுகிறது என்று சொல்லலாம்.

ஆனால் நண்பர்கள் கேட்பது தூரிகை வேலை இல்லை, அச்சுப் பலகை. ஃபிளெக்ஸோ வினைலோ கம்ப்யூட்டரில் செய்து, இரவோடு இரவாக மாட்டிவிடலாம், செலவு குறைவு. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம் பொறியாளர் இறந்த பிறகும் நமக்கு ஃபிளெக்ஸ் மேல் இருக்கும் காதல் போகவில்லை. இதில் தத்துவத்தைவிடச் சுவர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் முக்கியம். ராயபுரம் நிலையம் செங்கல்லும் சுண்ணாம்பும். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், மழையில் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விடும். பக்கத்தில் கடல், உப்புக்காற்று. அப்படிப்பட்ட சுவரின்மேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக்கை இறுக்கி அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்பு பூத்துக் காரை உதிரும். மாட்டிய இரும்பு ஆணி துருப்பிடித்து ஊதிச் சுவரைப் பிளக்கும். விரிசலில் அரசங்கன்று முளைத்தால் பலகைக்குப் பின்னால் யார் கண்ணுக்கும் தெரியாது. எங்கள் பக்கத்துப் பேருந்து நிழற்கட்டடம் ஒன்றில் இதைக் கண்ணால் பார்த்தேன். தலைவர் சிரித்துக்கொண்டிருக்கும் பலகையைக் காற்று கிழித்தபோது பின்னால் சுவர் கையளவு பெயர்ந்து கிடந்தது. சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் பழைய சுண்ணாம்புக்கு எதிரி என்பது கொத்தனாருக்குத் தெரியும். அழகுபடுத்தும் குழுவில் கொத்தனார் இருப்பதில்லை.

1908இலிருந்து லண்டன் பாதாள ரயிலின் விளம்பரத்தைக் கவனித்த ஃபிராங்க் பிக் என்ற அதிகாரி, கண்ட இடத்தில் ஒட்டியிருந்த போஸ்டர்களுக்கு இடம் குறித்து ஒழுங்குபடுத்தி, நல்ல ஓவியர்களைக் கொண்டு வரையச் சொன்னார். உலகம் முழுவதும் நிலையங்களை அச்சுப் படங்களால் அலங்கரிக்கும் பழக்கத்துக்கு அவரைத்தான் மூலவர் என்கிறார்கள். அவர் சொல்லவந்ததோ வண்டியில் ஏறு, ஊரைப் பார் என்பது. படம் வண்டிக்கு ஆள் சேர்த்தது. ராயபுரத்தில் படம் எதற்கு ஆள் சேர்க்கும்? ராயபுரத்தை வெளியூர் வண்டிகளுக்கான முனையமாக்க வேண்டும் என்பது வடசென்னையின் நெடுநாள் கோரிக்கை. தாம்பரம் மூன்றாவது முனையமாயிற்று. நான்காவது என்று வந்தபோது பெரம்பூரைப் பேசினார்கள். ராயபுரத்துக்கு மின்சார இன்ஜின் பணிமனை இருக்கிறது. இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் ஓடும் இன்ஜின்கள் இங்கே வந்து குளித்துப் போகின்றன. மனுவில் கையெழுத்து வாங்கப் போனபோது துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வெளியூர் வண்டி நிக்காத ஸ்டேஷனுக்குப் பட்டுப்புடவை எதுக்குப்பா?" கேட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டார்.

எனவே நான் பலகைக்கு எதிரியில்லை. மனுவில் நண்பர்கள் ஒப்புக்கொண்டு சேர்த்தவை இவை: பலகைகள் சுவரில் ஆணியடிக்கப்படாமல் நடைமேடையில் தனிக் கால்களில் நிற்க வேண்டும், சுண்ணாம்பு வேலை முதலில் முடிய வேண்டும், அதைத் தெரிந்த கொத்தனார் செய்ய வேண்டும், எழுத்து தமிழில் பெரிதாக இருக்க வேண்டும். எதைப் போடுவது என்பதில்தான் தகராறு. 1856 சித்திரத்தை எடுக்கச் சொல்லவில்லை. அதே அளவில் பக்கத்தில் 1877ஐ வையுங்கள், மசூலாப் படகை வையுங்கள், சாப்பாட்டு அறையின் இரண்டு பலகைகளைப் பற்றி எழுதுங்கள் என்கிறேன். "ஸ்டேஷன்ல போய் பஞ்சத்தையா காட்டுவாங்க, சாதியையா காட்டுவாங்க, அனுமதி கிடைக்காது" என்கிறார் ஒரு தோழர். படகுக்கு மட்டும் கிடைக்கலாம் என்பது அவர் கணிப்பு. படகு அழகாக இருக்கும். அடுத்த கூட்டத்தில் மற்ற மூன்று பலகைகளுக்கான வாசகங்களையும் எழுதிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு எழுதி முடித்துவிட்டேன். சாப்பாட்டு அறைப் பலகைக்குத்தான், வெளியே நின்றவர்களை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதில், இன்னும் வாக்கியம் அமையவில்லை.